ஹார்வர்டுக்குக் கட்-ஆஃப் எவ்வளவு?

“சார், ஹார்வர்டுக்குக் கட்-ஆஃப் எவ்வளவு?”

மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் நம்மில் சிலரேனும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருப்போம். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு போன்ற ஊர்களின் வகுப்பறைகளில் முன்பெல்லாம் இப்படியொரு கேள்வி எழுந்திருக்காது. இன்று கைப்பேசி வழியாக எல்லாப் பெயர்களும் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன, கேட்கிறார்கள். நம்மிடம் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் இருக்கின்றன. “அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா, முதல்ல பப்ளிக் எக்ஸாமைப் பாரு” என்பது ஒன்று. “முயன்றால் முடியாதது எதுவும் இல்லை” என்பது இன்னொன்று. முதல் பதில், கதவு ஒன்று இருப்பதையே மறைத்துவிடுகிறது. இரண்டாவது பதில், அந்தக் கதவு எவ்வளவு குறுகல் என்பதை மறைத்துவிடுகிறது. கேட்ட பிள்ளைக்கு நிலவரத்தை உள்ளபடி சொல்ல வேண்டுமானால் அது முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்விக்கு நேரடியான விடை: கட்-ஆஃப் என்று ஒன்று அங்கே கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 எனக் கூட்டி 200-க்கு எவ்வளவு என்று பார்ப்பதும், தரவரிசைப் பட்டியலும், கலந்தாய்வும் நமக்குப் பழகிய முறை. அதில் ஒரு பெரிய நியாயமும் உண்டு. 195 எடுத்த பிள்ளை யாருடைய பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் இளநிலைப் படிப்புக்கு மாணவரைத் தேர்ந்தெடுப்பது வேறு விதம். அங்கே மதிப்பெண் முதல் சல்லடை மட்டும்தான். அதில் தேறியவர்களே இடங்களைப்போலப் பல மடங்கு இருப்பதால், அதன் பிறகு கட்டுரை, ஆசிரியர் கடிதம், பள்ளியின் பின்னணி, மாணவர் வகுப்புக்கு வெளியே செய்தவை என ஒவ்வொரு கோப்பையும் மனிதர்கள் உட்கார்ந்து படித்து, விவாதித்து முடிவு செய்கிறார்கள்.

எண்கள் சொல்வது

2024-ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு ஹார்வர்டில் விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் கிடைத்தவர்கள் 1,937 பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. எம்ஐடி எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் ஒட்டுமொத்தமாக நூற்றுக்கு நான்கைந்து பேருக்குத்தான் இடம். வெளிநாட்டு விண்ணப்பதாரர்களை மட்டும் தனியே எடுத்தால் அங்கே நூற்றுக்கு ஏறத்தாழ 2 பேர்தான் தேறுகிறார்கள். காரணம் எளிது. முதலாண்டு வகுப்பில் வெளிநாட்டவருக்குக் கிடைப்பவை சில நூறு இடங்கள். எம்ஐடியில் அதைவிடவும் குறைவு. உலகின் எல்லா நாடுகளின் முதல் மாணவர்களும் அந்தச் சில இடங்களுக்குத்தான் மோதுகிறார்கள்.

இடையில் ஒரு விளக்கம். ‘ஐவி லீக்’ என்ற பெயரை மாணவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அது தரவரிசைப் பட்டியல் அன்று. எட்டுப் பழைய பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பின் பெயர். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பென்சில்வேனியா, கார்னெல், பிரவுன், டார்ட்மத் ஆகியவையே அந்த எட்டு. எம்ஐடியும் ஸ்டான்ஃபோர்டும் அதில் இல்லை.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்பறைக் கணக்கு. ஒரு கல்லூரியில் வாய்ப்பு 2 சதவீதம் என்றால், பத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் 20 சதவீதமா? மாணவர்கள் ஆம் என்பார்கள். ஒவ்வொரு முடிவும் ஒன்றையொன்று சாராதது என்று வைத்துக்கொண்டால், 0.98-இன் பத்தாம் அடுக்கை 1-லிருந்து கழிக்க வேண்டும். ஏறத்தாழ 18 சதவீதம் வரும். ஆனால் முடிவுகள் சாராதவை அல்ல. ஒரே கட்டுரையையும் ஒரே வகைக் கடிதங்களையும்தான் பத்து இடங்களிலும் படிக்கப்போகிறார்கள். ஓரிடத்தில் எடுபடாத கோப்பு மற்ற இடங்களிலும் எடுபடாமல் போகவே வாய்ப்பு அதிகம். எனவே உண்மை விடை 18-க்கும் கீழே. நிகழ்தகவுப் பாடத்தில் ‘சார்பிலா நிகழ்ச்சிகள்’ நடத்தும்போது நாணயத்தைச் சுண்டுவதைவிட இந்த எடுத்துக்காட்டு பிள்ளைகளின் மனத்தில் நிற்கும்.

எண்ணிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. நான் இதையே முக்கியமாகக் கருதுகிறேன். அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களைக் கணக்கெடுத்து ஆண்டுதோறும் வெளியாகும் ‘ஓப்பன் டோர்ஸ்’ அறிக்கையின்படி, 2023-24 கல்வியாண்டில் அங்கிருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களில் இளநிலை மாணவர்கள் 36,053 பேர் மட்டும். முதுநிலையிலும் ஆய்விலும் இருந்தவர்கள் 1,96,567 பேர். மீதிப் பேரில் பெரும்பாலோர் படிப்பை முடித்துப் பணிப்பயிற்சியில் இருந்தவர்கள். அதாவது நம்மவர்கள் அமெரிக்கா போகும் பெருவழி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் தொடங்குவதில்லை. இங்கே ஒரு பட்டம் பெற்ற பிறகுதான் தொடங்குகிறது. இதற்குப் பின்னர் வருவோம்.

பணம் யாருக்குத் தடை, யாருக்குத் தடையில்லை

ஹார்வர்டு போன்ற ஓரிடத்தில் கல்விக் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. நம் பணத்தில் ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய். நான்கு ஆண்டுகளுக்கு மூன்று கோடியை எட்டும். இந்தத் தொகையைக் கேட்டதுமே, “நமக்கில்லை” என்று எழுந்துவிடுகிறோம். ஆனால் இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விதி இருக்கிறது.

அங்குள்ள சில நிறுவனங்கள், விண்ணப்பதாரரின் குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்பதைப் பார்க்காமலேயே சேர்க்கையை முடிவு செய்கின்றன. இடம் கொடுத்த பிறகு, குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டு, அவர்களால் கட்ட முடியாத தொகை முழுவதையும் தாமே ஏற்கின்றன. அமெரிக்க மாணவர்களுக்கு இப்படிச் செய்யும் இடங்கள் பல. வெளிநாட்டு மாணவர்களுக்கும் செய்பவை மிகச் சில. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், பிரவுன் ஆகியவையும், ஆம்ஹெர்ஸ்ட், போடின் என்ற இரண்டு சிறிய கல்லூரிகளும் அவற்றில் அடங்கும். ஹார்வர்டு 2025-26 முதல், ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குக் கீழ் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாவற்றையும் தானே ஏற்பதாக அறிவித்திருக்கிறது. கீரமங்கலம் பூச்சந்தைக்கு விடியற்காலையில் முல்லையும் மல்லிகையும் கொண்டுவரும் ஒரு விவசாயியின் ஆண்டு வருமானம் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது. இடம் கிடைத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பணம் தடையில்லை. கிடைப்பதுதான் கடினம்.

ஸ்டான்ஃபோர்டு, சிகாகோ போன்ற மற்றப் பல இடங்களில் நிலைமை வேறு. அங்கேயும் முழு உதவி கிடைக்கும்; ஆனால் வெளிநாட்டவருக்கு ஒதுக்கிய நிதி குறைவு என்பதால், உதவி கேட்கிறாரா என்பதும் தேர்வின்போது பார்க்கப்படும். உதவி கேட்பவருக்குப் போட்டி இன்னும் கடுமை. அப்படிப்பட்ட இடத்திலும் நம் பிள்ளைகள் வென்றிருக்கிறார்கள். ஈரோடு மாவட்டம் காசிபாளையத்து விவசாயக் குடும்பத்து மாணவி ஒருவர் 2021-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றபோது, ‘3 கோடி ரூபாய் உதவித்தொகை’ என்று செய்தித்தாள்கள் எழுதின. வாசித்தவர்கள் அது ஏதோ பரிசுத் தொகை என்று நினைத்தார்கள். மேலே சொன்ன நான்காண்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள், தொகை புரியும்.

இதில் நாம் மாணவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று. ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் எம்ஐடியும் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்பத்தின் தேவைக்காக மட்டுமே தருகின்றன. ஆகவே வருமானத்தை உள்ளபடி காட்டும் ஆவணங்கள் வேண்டும். ஆலங்குடி வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து இ-சேவை வழியாக வாங்கும் வருமானச் சான்று, அதன் ஆங்கில வடிவம், தந்தை விவசாயக் கூலி என்றால் அதை விளக்கும் ஒரு கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே சேர்த்து வைக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 75, 85 டாலர் என்ற அளவில் இருக்கும். கட்ட இயலாதவர்களுக்கு விலக்கு உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

ஏழைக்குத் தடையில்லை என்பதால் எல்லாம் சமநிலை என்று எண்ணிவிட வேண்டாம். பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க மாணவர்களைப் பற்றியது. ஒரே நுழைவுத்தேர்வு மதிப்பெண் பெற்றிருந்தாலும், மேல்தட்டு ஒரு சதவீதச் செல்வர் வீட்டுப் பிள்ளை இத்தகைய இடங்களில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைப்போல இரு மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் சலுகை, விளையாட்டு வீரர் சேர்க்கை, வசதியான தனியார் பள்ளிகள் எழுதித்தரும் கடிதங்கள் ஆகியவை காரணங்கள். கடைசியாகச் சொன்ன காரணத்தை ஆசிரியர்களாகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

கோப்பில் நம் கையெழுத்து

மாணவர் அனுப்பும் விண்ணப்பத்தில் என்னென்ன இருக்கும்? ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான மதிப்பெண் விவரம். எஸ்ஏடி அல்லது ஏசிடி தேர்வு மதிப்பெண். ஆங்கிலத் திறன் தேர்வு. மாணவரே எழுதும் கட்டுரைகள். நிதி உதவிப் படிவம். இவற்றோடு, பாட ஆசிரியர்களின் இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், பள்ளியின் சார்பில் ஓர் அறிக்கை, பள்ளியைப் பற்றிய அறிமுகக் குறிப்பு. கடைசி மூன்றும் நம் வேலை. மாணவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இவற்றை அவரால் எழுதிக்கொள்ள முடியாது, எழுதவும் கூடாது.

ஹார்வர்டின் சேர்க்கை முறைக்கு எதிராக நடந்த வழக்கில் அந்தப் பல்கலைக்கழகத்தின் உள்நடைமுறைகள் வெளியே வந்தன. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு அது. கல்வி, பிற செயல்பாடுகள், விளையாட்டு, ஆளுமை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுவதைப்போலவே, ஒவ்வோர் ஆசிரியரின் கடிதத்துக்கும் பள்ளி வழிகாட்டியின் கடிதத்துக்கும் அவர்கள் தனித்தனியே மதிப்பெண் போடுகிறார்கள் என்பது அதில் தெரிந்தது. நாம் எழுதும் கடிதத்துக்கு யாரோ ஒருவர் மதிப்பெண் போடுகிறார். விடைத்தாள் திருத்திப் பழகிய நமக்கு இது புது அனுபவம்.

நம்மூரில் நாம் எழுதிப் பழகியது நன்னடத்தைச் சான்று. “இம்மாணவர் நல்லொழுக்கம் உடையவர், கடின உழைப்பாளி, பெரியோரை மதிப்பவர், வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன்.” இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, ஆனால் பெயரை மாற்றினால் வகுப்பில் யாருக்கும் பொருந்தும். ஐம்பதாயிரம் கோப்புகளைப் படிக்கும் ஒருவருக்கு இந்தக் கடிதம் எதையும் சொல்லாது.

வேறு எப்படி எழுதுவது? ஒரு கற்பனையான மாணவியை எடுத்துக்கொள்வோம். அப்பா பலாவும் தென்னையும் வைத்திருப்பவர். நீரியல் பாடம் நடந்த வாரத்தில் அந்தப் பெண், தன் தெருவில் உள்ள ஆழ்துளைக் கிணறுகள் எந்த ஆண்டில் எத்தனை அடிக்குப் போடப்பட்டவை என்று வீடு வீடாகக் கேட்டு, ஒரு வரைபடம் போட்டுக் கொண்டுவருகிறாள். ஆண்டு ஏற ஏற ஆழமும் ஏறுகிறது. “டீச்சர், இந்தக் கோடு ஒரு இடத்துல மட்டும் ஏன் திடீர்னு செங்குத்தா போகுது?” என்று கேட்கிறாள். ஆசிரியருக்கும் உடனே விடை தெரியவில்லை. இருவரும் மழை அளவுப் பதிவுகளைத் தேடுகிறார்கள். இந்த நிகழ்ச்சியை நடந்தபடி பத்து வரியில் எழுதினால் போதும். ‘அறிவியல் ஆர்வம் மிக்கவர்’ என்று தனியே எழுதத் தேவையே இல்லை. படிப்பவருக்கு அந்தப் பெண் கண்முன் வந்து நின்றுவிடுவாள்.

இப்படி எழுத இலக்கிய நயம் வேண்டாம், நினைவு வேண்டும். அதுவும் நான்காண்டுக்குப் பின் நினைவு கைகொடுக்காது. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், எமிஸ் பதிவு, தேர்வுப் பணி, இதர பணிகள் என்று ஓடும் நமக்கு, போன ஜூலையில் எந்தப் பிள்ளை என்ன கேட்டது என்று எப்படி நினைவிருக்கும்? வியப்பூட்டிய ஒரு கேள்வி, எதிர்பாராத ஒரு விடை, ஒரு பிடிவாதம் என வாரத்துக்கு ஒரு வரி குறித்துவைத்தால் போதும். ஹார்வர்டு போகாத பிள்ளைக்கும் இந்தக் குறிப்பேடு உதவும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் தவிரச் சொல்ல நம்மிடம் ஏதேனும் இருக்கும்.

கடிதத்தோடு வரும் படிவத்தில், தாம் கற்பித்த மாணவர்களிடையே இவரை எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று ஆசிரியரைக் கேட்பார்கள். சராசரி, நன்று என்று தொடங்கி, ‘என் பணிக்காலத்தில் கண்ட மிகச் சிலரில் ஒருவர்’ என்பதுவரை கட்டங்கள் இருக்கும். பாசத்தில் எல்லோருக்கும் கடைசிக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த ஆண்டு நம் பள்ளியிலிருந்து போகும் கடிதத்தின் மதிப்பு குறைந்துவிடும். ஆங்கிலம் பற்றிய தயக்கம் பலருக்கு இருக்கும். கடிதத்தைத் தமிழில் எழுதி, முறையான மொழிபெயர்ப்பை இணைக்கலாம். ஆங்கில ஆசிரியர் உதவலாம். எளிய ஆங்கிலத்தில் உண்மையான நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும் கடிதம், இணையத்தில் எடுத்த அலங்கார வாக்கியங்களைவிட ஆயிரம் மடங்கு மேல்.

“நீயே எழுதிட்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடுறேன்” என்ற வழக்கத்தை மட்டும் இங்கே விட்டுவிட வேண்டும். பல்கலைக்கழகம் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு நேரடியாக இணைப்பை அனுப்பும். ஆசிரியரே பதிவேற்ற வேண்டும். 2024-இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் படித்துவந்த ஓர் இந்திய மாணவர் கைது செய்யப்பட்டார். மதிப்பெண் சான்றுகளையும், பள்ளித் தலைமையாசிரியர் பெயரில் மின்னஞ்சலையும், உயிரோடிருக்கும் தந்தைக்கு இறப்புச் சான்றையும் போலியாக உருவாக்கி முழு உதவித்தொகை பெற்றிருந்தார். படிப்பும் போய், நாட்டைவிட்டும் வெளியேற்றப்பட்டார். அப்படியொரு செய்தி வந்தபின் இந்தியப் பள்ளிகளின் ஆவணங்களைக் கூடுதல் ஐயத்தோடு பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பதே நல்லது. பள்ளியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் முகவரியை உயிர்ப்போடு வைத்திருப்பது சிறிய வேலைதான். ஆனால் முக்கியமான வேலை.

பள்ளி அறிமுகக் குறிப்பு ஒன்றிரண்டு பக்கம் போதும். ஊர் எப்படிப்பட்டது, மக்களின் தொழில் என்ன, பயிற்றுமொழி என்ன, எத்தனை பேர் வீட்டின் முதல் பட்டதாரிகள், ஆய்வகமும் நூலகமும் எந்த நிலையில் உள்ளன, எந்தெந்தப் பாடப்பிரிவுகள் உள்ளன என்று எழுத வேண்டும். இல்லாததை இல்லை என்று எழுதத் தயங்க வேண்டாம். ஒரு மாணவரை அவருக்குக் கிடைத்த வாய்ப்பின் பின்னணியில்தான் எடைபோடுகிறார்கள். இருபது பாடப்பிரிவுகள் உள்ள பெருநகரப் பள்ளியில் பத்தை எடுத்த மாணவரும், நான்கே பிரிவுகள் உள்ள பள்ளியில் இருப்பதையெல்லாம் முழுதாகப் பயன்படுத்திக்கொண்ட மாணவரும் ஒன்றல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் நம் பள்ளியில் நான்கே பிரிவுகள்தான் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஊரே கட்டுரையாக

மாணவர் எழுதும் முதன்மைக் கட்டுரை 650 சொற்களுக்குள் இருக்க வேண்டும். ‘நான் ஏன் விஞ்ஞானி ஆக விரும்புகிறேன்’ என்ற பேச்சுப்போட்டி நடை இங்கே பயன்படாது. பிள்ளைகள் தம் வாழ்க்கையில் எழுதத் தகுந்தது ஏதுமில்லை என்று நினைக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தான் 2025-26 கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தார்கள். தாத்தா வைத்த பலாமரம் ஒரே இரவில் வேரோடு சாய்ந்ததைப் பத்து வயதில் பார்த்தவர்கள் அவர்கள்.

நம் மாவட்டத்திலேயே இதற்கொரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஆதனக்கோட்டை அரசுப் பள்ளி மாணவி ஒருவர் இணையவழிப் போட்டி ஒன்றில் வென்று நாசாவுக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றார். பயணச் செலவுக்குப் பலரும் உதவினார்கள். தேவையான பணம் சேர்ந்தபின், உதவ முன்வந்த தொண்டு நிறுவனத்திடம், தனக்குப் பதிலாகத் தன் ஊருக்குக் கழிப்பறைகள் கட்டித்தரும்படி அவர் கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கழிப்பறை வந்தது. செய்திகளில் நாசாவே தலைப்பானது. சேர்க்கைக் கோப்பைப் படிப்பவர் நின்று படிப்பது அந்தக் கழிப்பறைக் கதையைத்தான் என்பது என் கருத்து. கட்டணம் செலுத்திப் போகும் வெளிநாட்டுச் சுற்றுலாக்களுக்கும், காசு கொடுத்தால் கிடைக்கும் சான்றிதழ்களுக்கும் அங்கே மதிப்பு மிகக் குறைவு. பெற்றோர் கடன் வாங்கி அவற்றில் பணம் போடுவதைத் தடுப்பதும் நம் கடமைதான்.

தொடக்கநிலை ஆசிரியர்கள், இதில் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். தான் பார்த்ததைத் தன் சொல்லில் நான்கு வரி எழுதும் பழக்கம் பதினேழு வயதில் திடீரென்று வராது. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களுக்கு ஒரு பிள்ளை எழுதி அனுப்பும் சிறு கதை அந்தப் பழக்கத்தின் தொடக்கம். எஸ்ஏடி தேர்விலும் நம் பிள்ளைகள் திணறுவது கணிதத்தில் இல்லை. அது பெரும்பாலும் நாம் பத்து, பதினொன்றில் நடத்தும் பகுதிதான். திணறுவது வாசிப்பில். தேர்வுக் கட்டணம் ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய் என்பதையும், மையம் வெளியூரில் அமையலாம் என்பதையும் பெற்றோருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு வழி

மேலே தள்ளிவைத்த செய்திக்கு வருவோம். இளநிலையில் இடம் கிடைக்காவிட்டால் அமெரிக்கப் படிப்பே முடிந்தது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். முனைவர் பட்டப் படிப்பு வேறு கணக்கு. அங்கே முன்னணிப் பல்கலைக்கழகங்களில் அறிவியல், பொறியியல் முனைவர் பட்ட மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. குடும்ப வருமானத்தைக் கேட்பதில்லை. இங்கே நல்ல முறையில் இளநிலைப் பட்டம் முடித்து, ஆய்வில் உண்மையான ஈடுபாடு காட்டியவர் நேரடியாக விண்ணப்பிக்கலாம். போட்டி இங்கும் கடுமைதான். ஆனால் பதினேழு வயதில் இல்லாத முதிர்ச்சியும், செய்த வேலையைக் காட்டும் சான்றும் இருபத்திரண்டு வயதில் இருக்கும்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் இளநிலை முடித்து, 1976-இல் முனைவர் பட்டம் பெற்றது ஒஹையோ பல்கலைக்கழகத்தில். அது ஐவி லீக்கில் இல்லை. அதன் பிறகுதான் யேலில் ஆய்வு செய்தார். அங்கிருந்து ஆசிரியப் பணிக்கு ஐம்பது இடங்கள்போல விண்ணப்பித்து எல்லாம் மறுக்கப்பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். சுந்தர் பிச்சை ஸ்டான்ஃபோர்டுக்குப் போனதும் காரக்பூர் ஐஐடியில் பட்டம் பெற்ற பிறகே. நம் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற நிறுவனங்களில் சேரும் மாணவரின் இளநிலைச் செலவை மாநில அரசே ஏற்கும் திட்டம் 2022 முதல் இருக்கிறது. ஆலங்குடிப் பிள்ளைக்கு அதுவே மிக அகலமான பாதை என்பேன்.

நடுவில் உள்ளது முதுநிலைப் பட்டம். அதற்கு உதவித்தொகை குறைவு. பெரும்பாலோர் கடன் வாங்கித்தான் போகிறார்கள். நிலத்தை அடமானம் வைக்கும் குடும்பங்கள் இதில்தான் அதிகம். மூன்று வழிகளையும் ‘அமெரிக்கப் படிப்பு’ என்ற ஒரே பெயரில் குழப்பிக்கொள்வதுதான் ஏமாற்றுபவர்களுக்கு வசதி. ‘சேர்க்கை உறுதி’ என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தைப் பார்த்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: ஐவி லீக் பல்கலைக்கழகங்களோ எம்ஐடியோ முகவர் வழியாக மாணவரைச் சேர்ப்பதில்லை. ஐயம் இருந்தால், அமெரிக்கக் கல்வி குறித்து இலவசமாக ஆலோசனை தரும் ‘எஜுகேஷன்யுஎஸ்ஏ’ மையம் சென்னையில் இருக்கிறது.

அரசியல் சூழலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025 மே மாதம் ஹார்வர்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கான அனுமதியையே அமெரிக்க அரசு ரத்து செய்ய முயன்றது, நீதிமன்றம் தடுத்தது. அதே மாத இறுதியில் உலகெங்கும் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய நேரம் ஒதுக்குவது நிறுத்தப்பட்டு, சில வாரங்களுக்குப் பின், சமூக ஊடகக் கணக்குகளைச் சரிபார்க்கும் விதியோடு மீண்டும் தொடங்கியது. ஆய்வு நிதி வெட்டினால் சில பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்தன. செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசாக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. இவை மாறலாம், மாறாமலும் போகலாம். “போய் வேலை பார்த்து அடைச்சுடலாம்” என்ற நம்பிக்கையில் கடன் வாங்கும் குடும்பத்துக்கு இது பெரிய செய்தி.

காலக்கணக்கு

விண்ணப்பத்தின் நாட்காட்டி நம் பள்ளி நாட்காட்டியோடு பொருந்தாது. முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1. வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரித் தொடக்கம். நம் பொதுத்தேர்வோ மார்ச் மாதம். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணைக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளை வைத்துப் பள்ளிதான் தர வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு எப்போதும் பொதுத்தேர்வு இல்லை. பதினொன்றுக்கும் 2025-26 கல்வியாண்டு முதல் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் பள்ளிப் பதிவேடுதான் ஒரே ஆதாரம். மதிப்பெண் பதிவேடுகளைத் தலைமையாசிரியர் ஒப்பமிட்டு ஒழுங்காக வைத்திருந்தால், டிசம்பரில் பழைய பீரோக்களைத் துழாவ வேண்டியிருக்காது. வழிகாட்டும் வேலையைத் தொடங்க ஏற்ற காலம், பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை.

முடிவுகள் மார்ச் கடைசியில் வரும். பொதுத்தேர்வு முடிந்திருக்கும் அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். பெரும்பாலும் ‘வருந்துகிறோம்’ என்றுதான் வரும். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு அப்படித்தான் வருகிறது என்பதை விண்ணப்பிக்கும் நாளிலேயே மாணவரிடமும் பெற்றோரிடமும் சொல்லி வைத்திருக்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வுக்கான இணையப் பதிவு மே மாதத்தில் தொடங்கிவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, மதிப்பெண் நகல்கள் எல்லாம் அதே கோப்பில் தயாராக இருக்கட்டும்.